எட்டாம் வரிசை

பாயான் லெப்பாஸில் இரவு இரண்டு ஐம்பது.
குளிரூட்டிக்கு நேர் கீழே நானும்
பனி கரைந்துபோன ஒரு தே ஓவும்.
ஃபாரிட் செருப்பைக் கழற்றிவிட்டு
நாற்காலியிலேயே தூங்குகிறான்.
அலாரம் அடித்தால் எழுவான்.
அடிக்காது. அதுதான் சிக்கல்.

எல்லாப் பலகைகளும் பச்சை.
நொடிக்கு நாலாயிரம் கோரிக்கைகள்.
சராசரி, தொண்ணூறு மில்லிநொடி.
சராசரி நல்ல பிள்ளை,
மேலிடம் கேட்க விரும்புவதையே சொல்லும்.

வரிசைகளை எழுதியவள் நான்தான்,
கல்யாணத்துக்கு முந்திய வாரம், அவசரத்தில்.
பணம் செலுத்துவது ஒன்று.
தங்க அட்டைக்காரர்கள் இரண்டு.
நடுவில் உள்ளவை இப்போது நினைவில்லை.
ஐம்பது ரிங்கிட்டுக்குள் பணம் திரும்பக் கேட்பவர்கள்
எட்டு.
எட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.
மேலே எல்லாம் காலியானால் எட்டைத் தொடு
என்று ஒரே வரி.
மேலே காலியாகும் என்று அன்று நம்பினேன்.
பத்தொன்பது பேர் கம்பெனி அப்போது,
இராத்திரியில் வாடிக்கையாளர்கள் தூங்கினார்கள்.

இப்போது இந்நேரத்துக்கும் ஜார்ஜ்டவுனில் ஒருவன்
சார் குவே தியாவுக்குக் காசு கட்டுகிறான்.
அவன் ஒன்றாம் வரிசை.

எட்டில் ஆறாயிரத்துச் சொச்சம்.
பழையதிலிருந்து அடுக்கிப் பார்க்கிறேன்:
செங்கமலம் த/பெ வீராசாமி, நிபோங் திபால்.
பதினான்கு ரிங்கிட் அறுபது காசு.
காரணம்: இரண்டு தடவை பிடித்துவிட்டது.
பதினொரு நாள்.
தினம் ஒருமுறை மறுபடி அழுத்தியிருக்கிறார்.
அழுத்தும்போதெல்லாம் கடைசிக்குப் போயிருக்கிறார்.
அந்த வரியும் என்னுடையதுதான்.

எங்கள் தொழிலில் இதற்குப் பட்டினி என்று பெயர்.
நான் வைத்ததல்ல, பாடப்புத்தகத்தில் உள்ளது,
பரீட்சையில் இரண்டு மதிப்பெண்.
மருந்தின் பெயர் மூப்பு:
காத்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும்
ஒரு படி ஏற்றிவிடு.
கிடந்து கிடந்தே எட்டு ஏழாகும், ஏழு ஆறாகும்,
ஒருநாள் தங்க அட்டையின் தோளை இடிக்கும்.

முறை என்றால் என் தடவை.
முறை என்றால் நியாயமும்.
முறையிடுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்கள்.
நான் முதலாவதைக்கூட எழுதவில்லை.

ஃபாரிட்டை எழுப்பினேன்.
புதன்கிழமை கூட்டத்தில் பேசலாமே என்றான்.
தங்க அட்டைக்குப் பன்னிரண்டு மில்லிநொடி கூடுமே என்றான்.
நீ இப்போது கண் இமைத்தாயே,
அதற்கு நூறு ஆகியிருக்கும் என்றேன்.
சிரிக்கவில்லை. ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டான்.

நான்கு வரி.
மூன்று நாற்பத்தொன்றுக்கு ஏற்றினோம்.
ஆறாயிரம் மெல்ல ஐயாயிரமானது,
கழிவுநீர்க் குழாயில் அடைப்பு எடுபடும்போது
முதலில் ஒரு முனகல் கேட்குமே, அந்த மாதிரி.
நாலு ஏழுக்கு அந்தப் பதினான்கு அறுபது போயிற்று.
நிபோங் திபாலில் ஒரு போன்
தலையணைக்கடியில் நடுங்கியிருக்கும்.
சார்ஜ் இல்லாமல் அணைந்தும் கிடந்திருக்கலாம்.
பலகைகள் அப்போதும் பச்சை.

*

காலை எட்டரைக்குப் பதிவிலாகா.
தயாநிதி எனக்கு முன்பே வந்து சீட்டு எடுத்திருந்தார்.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
கையில் சிவப்பு ஐசி, பழைய உறை,
ஏழு வருடத்துக் கடிதங்கள்.
திரையில் ஆயிரத்து முப்பத்தெட்டு,
பிறகு இரண்டாயிரத்து இருநூற்றேழு,
பிறகு ஆயிரத்து முப்பத்தொன்பது.
எந்த எண் எந்த வரிசை என்று
எந்தச் சுவரிலும் எழுதவில்லை.
நான் வரிசை எழுதிப் பிழைப்பவள்,
ஒரு மணி நேரம் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முகப்புப் பெண் நல்லவள்.
இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்றாள்,
தயாநிதி வாயைத் திறக்கும் முன்பே.

தூக்கக் கலக்கம். மலாயில் கேட்டேவிட்டேன்:
இதற்கு வயதே ஏறாதா?

அவள் கோப்பைப் பார்க்கவில்லை.
தயாநிதியின் காதோர நரையைப் பார்த்தாள்.
இல்லை அக்கா,
இன்னும் இளமையாகத்தானே இருக்கிறார் என்று
உண்மையாகவே சிரித்தாள்.

நாலாயிரத்து நூற்றுப் பதின்மூன்று
எங்களுக்குப் பின்னால் எழுந்து நின்றது.